ஸ்டிக்கர் இல்லாத பன்னிரண்டு கூண்டுகள்

இன்று காலை கம்பெனி காம்பவுண்டுச் சுவரில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தது. இளசுதான். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. தொண்டையில் அப்போதுதான் சிவப்பு ஏற ஆரம்பித்திருந்தது. செக்கிங் டேபிளுக்குப் போக வேண்டியவள், மணி அடித்தது கூடக் காதில் விழாமல் நின்றுவிட்டேன். "ஏனுங்கக்கா, ஓணானுக்கு வேண்டுதலைங்களா?" என்று சூப்பர்வைசர் கேலி செய்தான். உன்னை நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

அருள்புரத்து லைன் வீட்டில் நாம் ஒன்றாக இருந்தது ஒன்றரை வருஷம். நான் தென்காசிப் பக்கமிருந்து பனியன் கம்பெனிக்கு வந்தவள். நீ பொங்கலூர்க்காரி, ஓணான் குஞ்சுகளை வைத்து ஆராய்ச்சி செய்தவள். கல்லூரியில் இடமில்லை என்று அனுமதி வாங்கி, நம் மொட்டை மாடியில் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு கூண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாய். நான் பயந்து அலறினேன். "ஏட்டி, இது ரத்தம் உறிஞ்சுமே!"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "யாரு ரத்தத்தையும் குடிக்காதுங்கக்கா. வயசுக்கு வந்தா அது ஒடம்புலயே ஒரு ஹார்மோன் ஊறுமுங்க. அதுதான் கழுத்தச் செவக்க வெக்குது."

கோபத்திலும் நீ என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவாய். நான் ஏட்டி, ஏட்டி என்றே உன்னை விரட்டிக்கொண்டிருப்பேன்.

ஆறு குஞ்சுகளின் முதுகில் ஆண் ஹார்மோன் கலந்த எண்ணெய், மற்ற ஆறுக்கு வெறும் எண்ணெய், வாரம் ஒரு சொட்டு. மருந்துக் கூண்டுக்கு நீல ஸ்டிக்கர், மற்றதற்கு மஞ்சள். வயது வருமுன்னே பருவத்துக்கு வந்துவிடும் குஞ்சு அதற்குமேல் வளருமா, வளர்த்தி நின்றுபோகுமா? அதுதான் உன் கேள்வி. "கல்லு வெச்சுப் பழுக்கவெச்ச மாங்கா மாதிரியா?" என்று கேட்டேன். "அதேதானுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு குஞ்சைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "மாங்காய்க்கு வலிக்காது. இதுக்கு எப்படின்னு தெரியலீங்க."

அண்ணன் மகளுக்குக் காதுகுத்து என்று பத்து நாள் ஊருக்குப் போனாய். இரை போடுகிற வேலையை என்னிடம் விட்டுப் போனாய். எனக்கு ஒரே பெருமை. ஞாயிற்றுக்கிழமை கூண்டுகளை எல்லாம் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகக் கழுவி, வெயிலில் காயவைத்து, கைக்கு வந்த வரிசையில் அடுக்கினேன். ஸ்டிக்கர்களையும் உரித்துப் போட்டேன். எங்கள் வேலையில் துணியில் குறை இருக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவோம். சரிசெய்ததும் உரித்துவிட வேண்டும். ஸ்டிக்கரோடு ஒரு பீஸ் பெட்டிக்குள் போனால் அன்றைக்குத் தொலைந்தோம். எட்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. பசை கூட இல்லாமல் சுரண்டி எடுத்தேன், பாவி!

நீ வந்து பார்த்தாய். முகம் ஒரு நிமிஷம் வெளுத்துப் போனது. "அடுத்த சொட்ட இனி யாருக்குங்க உடறது?" என்று மட்டும் கேட்டாய். எல்லாம் ஒரே அளவுக் குஞ்சுகள். உன் நோட்டில் இருந்தவை கூண்டு எண்கள். அந்த எண்களும் ஸ்டிக்கரில்தான் இருந்தன. நான் அழுததைப் பார்த்து நீதான் எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாய்.

மூன்று வாரத்தில் ஐந்து குஞ்சுகளுக்குத் தொண்டை சிவந்தது. நான் குதித்தேன். "ஏட்டி, தெரிஞ்சுபோச்சு! இதுதான் மருந்து வச்சது, எழுது!" நீ தலையாட்டி மறுத்தாய். "செவந்ததெல்லாம் மருந்து வெச்சதுன்னு நானே முடிவு பண்ணிக்கறது. பொறவு, மருந்து வெச்சதாலதான் செவந்துச்சுன்னு எழுதறது. அது பொய்யிங்கக்கா." மருந்து வைத்தது ஆறாயிற்றே, ஆறாவது எது என்றும் கேட்டாய். அடுத்த மழைக்குப் புதுக் குஞ்சுகள் கிடைக்கும், முதலிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லி எல்லாவற்றையும் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தாய்.

அடுத்த மழைக்கு நீ இல்லை. காதுகுத்து என்று போனது கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு, வயிற்றுக் கட்டியைச் சோதிக்க. இது உன் சாவு வீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. உனக்குக் காலம் குறைவு என்று தெரிந்துகொண்டே எனக்குக் காபி போட்டாயா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, ஏட்டி? ஒருநாள்கூட நீ என்னைத் திட்டவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உன்மேல் இருக்கிறது.

போன மாதம் உன் அம்மா போன் செய்தார். உன் பேராசிரியர் நோட்டுகளைப் பார்த்தாராம். எந்தக் குஞ்சுக்கு மருந்து என்பது மட்டும் தெரிந்தால் போதும், உன் பேரில் ஒரு கட்டுரை வரும் என்றாராம். "கூடவே இருந்தவ நீதான கண்ணு. உனக்குத் தெரியாம இருக்குமா? அவ பேரு ஒரு எடத்துலயாவது அச்சுல வரட்டும் சாமி."

எந்த ஐந்து சிவந்தன என்பது எனக்கு மறக்கவில்லை. வால் நுனி ஒடிந்தது, முதுகில் கோடு அழுத்தமாக இருந்தது, எல்லாமே கண்முன் நிற்கிறது. ஸ்டிக்கர் போன பிறகு நீ நோட்டில் எழுதிய பக்கங்களிலும் அந்த அடையாளங்கள் இருக்கும். ஐந்தைச் சொல்லி, ஆறாவதாக வாய்க்கு வந்த ஒன்றைச் சேர்த்திருந்தால் முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?

"தெரியாதும்மா" என்றேன். ஸ்டிக்கரை உரித்தவள் நான்தான் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னேன்.  "செரி கண்ணு, உடு" என்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

உன் பேர் இனி எங்கும் அச்சில் வராது. இரண்டு தடவையும் அதை அழித்தவள் நான்தான். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இரண்டாவது தடவை தெரிந்தே செய்தேன், உனக்காக.