எழுந்து போன இடமெல்லாம் பட்டை

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். மூட்டு வலி குறைந்ததா? பேத்திக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் இங்கே தறிக்கூடத்தில் நான் நெய்த துணியில் குறுக்கே இழை விலகிப் பட்டை பட்டையாக விழுந்தது. "இன்னொரு துணி இப்படி வந்தா ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதாம்மா" என்றார் மேஸ்திரி. பயத்தைவிட, காரணம் தெரியாததுதான் என்னைக் குடைந்தது. நூலை மாற்றினேன், தறியைத் துடைத்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. பிறகுதான் கவனித்தேன், டீ குடிக்க எழுந்த இடத்தில் எல்லாம் பட்டை! தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலை விறைப்பாக விட்டுப் போனால் அது நீண்டுவிடுகிறது. இப்போது தளர்த்திவிட்டுத்தான் எழுகிறேன், துணி ஒரே சீராக வருகிறது.

கெட்ட துணியைப் பட்டையோரம் வெட்டித் தலையணை உறை தைத்தேன். மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பட்டை எங்கம்மா போச்சு?"

"தையலுக்குள்ள போயிடுச்சு."

இன்னொன்று. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது நான் நெய்த துணியை உங்கள் அக்கா வாசலில் விரித்து, "இவ கைக்கெல்லாம் நெசவு வருமா?" என்று சிரித்தாரே, அது பரணில் இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு பட்டையும் அவர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்ட இடம். அவரிடமும் காட்டுங்கள்.

தறி துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம். மணி அடித்துவிட்டது, போகிறேன்.

பாவைத் தளர்த்திவிட்டு வந்து எழுதும்,
உங்கள் வீட்டுக்காரி