நீயும்தானே நனைஞ்ச

மச்சான்,

இதனால் தோட்டத்து மக்கள் அனைவருக்கும், அவர்தம் கோழிகளுக்கும் அறிவித்துக்கொள்வது யாதெனில்: இன்று காலை ஒன்பது மணியளவில், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்கு எதிரே, உன் சைக்கிளின் பின்சக்கரம் ஓர் ஆணியின் மேல் ஏறித் தன் காற்றைத் துறந்தது. முன்சக்கரம் நலமாக உள்ளது. மலர்வளையம் தவிர்க்கவும்.

ட்யூபை உரசி, சொலுஷன் தடவி, காய வைத்திருக்கிறேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து பக்கத்தில் குந்திக்கொண்டாய். இந்தச் சைக்கிளுக்கு வாரம் ஓர் ஒட்டுப் போட்டவன் நீ. "ரப்பர் மரத்துக்கு நடுவுல பொறந்துட்டு ஒரு நல்ல ட்யூபுக்கு வழியில்லடா நமக்கு" என்பாய்.

சொலுஷன் காய்கிற வரைக்கும் எனக்கு வேலை இல்லை. அதனால் எழுதுகிறேன். நீ போய் மூன்று மாதம். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது. தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி.

போன வருஷம் நாம் இரண்டு பேரும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த குட்டையில் இப்போது ஆகாயத்தாமரை மண்டிவிட்டது. ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம்தானே, எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும். அன்றைக்கு நம்மையும் வாங்கிக்கொண்டது. பாஸ்டர் ஐயா இடுப்பளவு தண்ணீரில் நின்றார். கரையில் நம் சபை, இருபது பேர், ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். முதலில் நீ போனாய். முழுகினாய், எழுந்தாய், முறைப்படி கண்கலங்கினாய். அடுத்து நான். சட்டைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த விரலளவு திலாப்பியா மீனை, முழுகி எழுந்த கையோடு வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். "ஐயா, எனக்கு மட்டும் வரம் உடனே கெடச்சிருச்சு!"

கரையில் பாட்டு நின்றுபோனது. பாஸ்டர் ஐயா மீனை வாங்கிக் குட்டையில் விட்டுவிட்டு, "உன்ன இன்னொரு தடவ முக்கி எடுக்கணும் போலிருக்கே" என்றார். நீ ஈரத் தலையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நம் சபையின் வழக்கம் உனக்குத் தெரியாததல்ல; ஆனாலும் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தண்ணீரிலிருந்து ஏறியவனுக்குத் தலை காய்வதற்குள் ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். துண்டு அப்புறம்தான். பாஸ்டர் ஐயா ஈப்போ டவுனிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் நனைந்தவர்கள்தான் சபையைத் தாங்க வேண்டும். பால் வெட்டுகிற அக்கா பைபிள் வாசிப்பார். லாரி ஓட்டுகிற அண்ணன் பிரசங்கம் பண்ணுவார், நடுவில் கியர் மாற்றுகிற மாதிரி செருமிக்கொண்டு. அன்றைக்கு உனக்குக் கொடுத்தது, முடியாமல் கிடக்கிறவர்களை வீட்டில் போய்ப் பார்த்து ஜெபம் பண்ணுகிற வேலை. எனக்குக் கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமை பாய் விரிக்கிற வேலை.

"உனக்கு நோய், எனக்குப் பாய்" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அன்றைக்கு அது நல்ல எதுகை.

நீ அந்த வேலையை இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சைக்கிளை எடுப்பாய். "வாரியாடா, போலாம்." நானும் பின்னால் ஏறிக்கொள்வேன்; போகிற வீட்டில் மைலோவும் பிஸ்கட்டும் உறுதி. நீ கட்டில் ஓரம் உட்கார்ந்து, சும்மா பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் நாலே வரி ஜெபம் பண்ணுவாய். நான் ஒரு கண்ணைத் திறந்து பிஸ்கட்டை எண்ணுவேன்.

ஒருநாள் திரும்பி வருகிற வழியில் கேட்டேன்.

"ஏண்டா, இதெல்லாம் பாஸ்டர் வேலலா. சம்பளமில்லாம நீ ஏண்டா செய்யிற?"

"நீயும்தானே நனைஞ்ச?"

"நான் பாய் விரிக்கிறேன்ல?"

"சுருட்டவும் செய்டா. போன வாரமும் நான்தான் சுருட்டுனேன்."

அவ்வளவுதான் உன் உபதேசம். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மிதிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும் அல்லவா, பின்னால் என் கனம் வேறு.

அப்புறம் காய்ச்சல் உனக்கு வந்தது. ஐந்தாம் நாள் பஸ் பிடித்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன் கையில் ஊசி, தலைக்கு மேல் பாட்டில். மூன்று நாளாக நீ எதுவும் சாப்பிடவில்லை என்றார் உன் அம்மா. பாஸ்டர் ஐயா தைப்பிங்கில் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார். உன் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஐயாவுக்கு இன்னொரு தடவ போன் போட்டுப் பாக்குறேன். அதுவரைக்கும் நீ ஜெபம் பண்ணுப்பா, நீயும் ஞானஸ்நானம் வாங்குனவன்தானே" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

நான் பண்ணிய ஜெபத்தைப் பற்றி இப்போது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கணீரென்ற குரல். மனப்பாடமாக இரண்டு சங்கீதம். வார்டே திரும்பிப் பார்த்தது. அடுத்த கட்டில் சீனத் தாத்தா எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆமென் சொன்னார். இத்தனையும் நானே சொன்னதுதான். வேறு சாட்சி கிடையாது.

மறுநாள் மதியம் நீ போய்விட்டாய். மூன்று மணிக்குப் பாஸ்டர் ஐயா முழுக்க நனைந்து வந்து சேர்ந்தார்.

வீட்டில் உன்னைக் கிடத்தியபோது நான்தான் வாசலில் பாய் விரித்தேன். என் வேலை அது. ஓரமெல்லாம் நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். எல்லாரும் எழுந்து போனதும் ஒரு பாய் விடாமல் சுருட்டினேன். அழவில்லை. கோரைப் புல் எப்படி நடு விரலைக் கிழித்தது என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த மாதம் பாஸ்டர் ஐயா சபையில் உன் வேலையை எனக்குக் கொடுத்தார். "ஆஸ்பத்திரியில இவன் பண்ணுன ஜெபத்தப் பத்திக் கேள்விப்பட்டேன்" என்றார். "தல காஞ்சிருச்சே ஐயா" என்று தப்பிக்கப் பார்த்தேன். "முழுக்கு ஒரு தடவதான்பா. அது காயாது" என்றார். உன் அம்மா அன்று சாயந்திரமே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதமாகப் பரீட்சை, மழை, தலைவலி என்று சொல்லி ஓட்டினேன். நேற்று வசமாக மாட்டிக்கொண்டேன். ரப்பர் ஷீட் போடும் கொட்டகையில் ஆசிட் கொட்டிக் கால் வெந்துபோன ஓர் அக்கா ஆள் அனுப்பிவிட்டார். "தம்பிய வரச் சொல்லு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில பண்ணுன அதே ஜெபத்த எனக்கும் பண்ணச் சொல்லு." அதே ஜெபம், மச்சான். அங்கே போகிற வழியில்தான் இந்தப் பஞ்சர். ஆணியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன் கட்டில் பக்கத்தில் நின்றபோது எனக்கு ஒரு சங்கீதமும் ஞாபகம் வரவில்லை. குரல் கொசு மாதிரி இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, சின்ன வயதில் பழகிய சாப்பாட்டு ஜெபம். வேறு வழியில்லாமல் அதையே சொன்னேன். "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக நன்றி. இதைச் சமைத்த கைகளை ஆசீர்வதியும். பசியாயிருக்கிற எல்லாருக்கும் கொடும். ஆமென்."

நீ ஒரு கண்ணை மட்டும் திறந்தாய்.

"சாப்பாடு எங்கடா?"

"வருதுலா" என்றேன். உன் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. நர்ஸ் பக்கத்திலேயே இல்லை. சீனத் தாத்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சொலுஷன் எப்போதோ காய்ந்துவிட்டது. சும்மாதான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒட்டுப் போட்டாயிற்று, காற்று நிற்கிறது, போகிறேன். அந்த அக்கா வீட்டிலும் எனக்கு அந்த ஒரு ஜெபம்தான் வரும். அதனால் பின் கேரியரில் ஒரு ரொட்டி கட்டி வைத்திருக்கிறேன், மச்சான். இந்தத் தடவை கேட்டால் காட்ட வேண்டும்.