வாயை மட்டும் அசைத்தவர்கள்

இன்று பள்ளியில் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தார்கள். அந்துருண்டை வாசனை ஆசிரியர் அறை வரைக்கும் வந்தது. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன், பேனாவை மூடிவிட்டேன். செங்கல்பட்டில் நாம் படித்தபோதும் பாட்டு அறைப் பக்கம் இதே வாசனைதான். அந்த அறைக்குள் நீயும் நானும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

ஆறாம் வகுப்பில் ஒரே ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டார்கள். வீட்டில் ஏற்கெனவே பாட்டு படித்த பிள்ளைகள் உள்ளே போனார்கள். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் வருகிற நமக்கு அந்தப் பீரியடில் மைதானத்தைச் சுத்தம் செய்யும் வேலை. காலை பிரேயர் இன்னும் மோசம். "செலக்ட் ஆகாதவங்க வாயை மட்டும் அசைங்க, சத்தம் வரக்கூடாது" என்று உத்தரவு. நீ அதையும் ஒழுங்காகச் செய்தாயா? கடவுள் வாழ்த்து நடக்கும்போது உன் உதட்டில் "புளிசோறு, வத்தல், புளிசோறு, வத்தல்" என்று ஓடும். சிரித்து மாட்டிக்கொள்வது நான்.

ஒரு நாள் நேராகப் போய்ப் பாட்டு அறை வாசலில் நின்றாய்.

"இன்னா மிஸ் இது? பாட்டு தெரிஞ்சவங்களுக்கே பாட்டு கத்துக் குடுக்கறீங்க. தெரியாத நாங்க வெளிய குப்ப பொறுக்கினு இருக்கறதா?"

வகுப்பு என்னவோ மாறவில்லை. ஆனால் எனக்கு உன்னை நினைத்து அவ்வளவு பெருமை.

அதனால்தான் பல வருஷம் கழித்து, ஊரப்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்த அன்று தூக்கிவாரிப் போட்டது. தூளியில் குழந்தை அழுதது. நீ டேப்ரிக்கார்டரில் தாலாட்டு கேசட்டைப் போட்டுவிட்டு ஆட்டினாய்.

"ஏண்டி, நீயே பாடேன்" என்றேன்.

"எனக்கு இன்னா பாட்டு வருது? புள்ள பயந்துக்கும்டி."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீச்சரிடம் மல்லுக்கு நின்ற நீயே, அவர்கள் சொன்னதை உள்ளுக்குள் நம்பிவிட்டிருந்தாய். போன வருஷம் மஞ்சள் காமாலையில் நீ போய்ச் சேர்ந்தாய். உன் பெண் உன் குரலில் ஒரு பாட்டுகூடக் கேட்டதில்லை. அதை என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

மாமல்லபுரத்துப் பக்கம் நான் வேலை பார்க்கும் இந்தப் பள்ளிக்கும் இப்போது பாட்டு டீச்சர் வந்திருக்கிறார். என் வகுப்பில் நல்ல குரலாகப் பார்த்துக் கொஞ்சம் பேரைப் பொறுக்கித் தரச் சொன்னார் தலைமையாசிரியர். மாட்டேன் என்றேன். போனால் எல்லாரும் போவார்கள்.

"எல்லாரும் கத்துனா ஆண்டு விழாவுல மானம் போயிடும் மேடம்."

"கணக்கு வராத பிள்ளையைக் கணக்கு பீரியட்ல வெளிய அனுப்பறமா சார்?"

அவர் முகம் கடுகடுத்தது. "என்னமோ பண்ணுங்க, உங்க பொறுப்பு" என்று எழுந்து போனார்.

நாளைக்கு முதல் பாட்டு வகுப்பு. கடைசி பெஞ்சில் நானும் உட்காரப் போகிறேன். சுருதி என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, கற்றுக்கொள்கிறேன். நீ பட்ட கோபம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஆறவிட மாட்டேன். அந்தக் கோபத்தோடும் கற்ற பாட்டோடும்தான் ஊரப்பாக்கம் வருவேன். உன் பெண் என்னோடு சேர்ந்து பாடுவாள். சத்தமாக.