ரெலிங்க்விஷ் என்றால் என்ன?

குற்றாலம், ஜூலை 12

அன்புள்ள அம்மாவுக்கு,

லாட்ஜில் எங்களுக்குத் தந்த தாள் முழுக்க ஆங்கிலம். ‘கையொப்பம்’ என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் இருந்தது. உன் முட்டுவலி தேவலையா? நான் சுகம், பயப்படாதே.

சீசன் முடியும்வரை வார விடுப்பைப் பற்றி ஏதோ எழுதியிருந்தது. நடுவில் ‘ரெலிங்க்விஷ்’ என்று ஒரு சொல். அறை சுத்தம் செய்யும் எங்கள் நாலு பேருக்கும் புரியவில்லை. அர்த்தம் தேடிப் பார்க்கலாம் என்றால், எங்கள் போனையும் ஆபீஸில் வாங்கி வைத்திருந்தார்கள்.

“லீவைச் சேத்துக் குடுப்பாவளா இருக்கும்” என்றாள் முருகம்மாள்.

“ஆமா, விருந்தும் வப்பாவ” என்றாள் சண்முகப்பிரியா.

மேனேஜரிடம் நானே கேட்டேன். நீ நம்பமாட்டாய்.

“ஒம்பதாப்போட நின்னவளுக்கு அர்த்தம் எதுக்குட்டி? போட்டுட்டுப் போ.”

பன்னிரண்டாம் அறையில் தங்கியிருந்த டீச்சரிடம் தாளைக் காட்டினேன். “விட்டுக்கொடுக்கிறேன்னு அர்த்தம்மா” என்றார். என் வார விடுப்பான செவ்வாய்க்கிழமைதான் உன்னைப் பார்க்க நான் ராயகிரிக்குப் பஸ் ஏறுகிற நாள். அதை நான் எதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும்? வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும்.

இங்கே சாரல் குளிர்கிறது. போர்த்திக்கொள்ள உன் பழைய நூல்சேலை ஒன்றை எடுத்து வை. துவைக்க வேண்டாம்.

மற்ற மூவரிடமும் அர்த்தத்தைச் சொன்னேன். முருகம்மாள் திறந்த பேனாவை மூடிவிட்டாள். நாலு தாளையும் கையெழுத்துப் போடாமலே மேனேஜர் மேசையில் வைத்தேன். “செவ்வாய்க்கிழமை ஊருக்குப் போறேன் அண்ணாச்சி” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, மீதி அறைகளுக்கு விரிப்பு மாற்றப் போனேன்.

இசக்கிசெல்வி