நீலாயி ஒளிந்த கல்வீடு

8 மார்ச் 1943, திங்கள்

சர்வே ஆபீசில் பதினெட்டு வருஷம் நிலப்படம் கீறிய கை இது. இன்று முதல் பொம்மை கீறுகிறது. வெள்ளைக்காரரை விரட்டி ஊரைப் பிடித்த ஜப்பான்காரரின் பிரசாரக் கந்தோரில் கண்ணாடி மேசை, அடியில் விளக்கு, மேலே மெல்லிய தாள். ஒரு தாளில் தூக்கிய காலை அடுத்த தாளில் ஒரு மயிரளவு கூடத் தூக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் கீறிப் படம் பிடித்தால் பொம்மை நடக்குமாம்.

கதை என் மைத்துனன் அம்பிகைபாகனுடையது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எழுதிய நாவல். மனிதரின் நிழல்களைத் திருடும் ராசாவிடமிருந்து தம்பியை மீட்கப் போகிறாள் பதினாறு வயது நீலாயி. எழுதியவன் ஒரு மாதமாகத் தலைமறைவு. ஜப்பான்காரர் தடுத்த ரேடியோவை வீட்டில் ஒளித்துக் கேட்டான், தேடுகிறார்கள். அவன் அலுமாரியில் கிடைத்த புத்தகத்தைக் கப்டன் தக்கேதா என் முன் வைத்து ஆங்கிலத்தில் சொன்னார்: "படம் நன்றாக முடிந்தால் உன் மைத்துனனுக்கு மன்னிப்பு."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கீறுகிறேன்.

11 மார்ச்

மனைவி பத்மாவதி நம்பவில்லை. "அவங்கட மன்னிப்பை நாய்க்குப் போடுங்கோ." உன் அண்ணனைக் காப்பாற்றத்தானே, விசரி, என்று கத்தினேன். மரவள்ளிக்கிழங்கை என் முன்னால் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

19 மார்ச், வெள்ளி

நாவலில் நீலாயி தன் நிழலைத் தானே வெட்டிக் கொடுத்துத் தம்பியை மீட்பாள். கப்டன் அதை அடித்துவிட்டார். கிழக்கிலிருந்து சூரியன் வந்து மீட்க வேண்டுமாம். ராசாவின் தலையில் வெள்ளைக்காரத் தொப்பி. அம்பிகைபாகன் பார்த்தால் என் கையை முறிப்பான். முறிக்கட்டும். உயிரோடு வந்து முறிக்கட்டும்.

பக்கத்து மேசையில் வர்ணம் பூசுகிற முகம்மது கனி முன்பு சினிமாத் தட்டி எழுதியவன். "அண்ணே, சூரியனுக்குச் செவப்பு பத்தலையாம் லா. என் ரத்தத்தத்தான் ஊத்தணும்."

பத்மாவதி வெள்ளி தவறாமல் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடக்கிறாள். திடீரென்று பக்தி முற்றிவிட்டது.

2 ஏப்ரல்

நீலாயி ஒளியும் கல்வீட்டை வீட்டில் வைத்துக் கீறினேன். வேறு ஆள் என்றால் ஏதோ ஒரு குகை கீறியிருப்பான். நான் சர்வேக்காரன், கண்டதைத்தான் கீறுவேன். தண்ணீர்மலைக்குப் பின்னால், ஓடை இரண்டாகப் பிரிகிற இடத்துக்கு மேலே ஒரு பாறை இடுக்கு. முப்பத்தாறாம் ஆண்டில் அளக்கப் போனபோது அம்பிகைபாகனும் கூட வந்தான். அதைப் பார்த்துத்தான் கல்வீட்டை எழுதினான். பழைய அளவுக் கொப்பியைத் தேடி எடுத்துப் பாறைக்குப் பாறை கீறினேன். மூலையில் பழக்கப்படி வடக்கு அம்புக்குறி.

கோயிலால் திரும்பி வந்த பத்மாவதி பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது.

"இதை வேற மாதிரிக் கீறுங்கோ."

"ஏன்?"

"சும்மாதான். கதைதானே, எப்பிடிக் கீறினால் என்ன?"

கிழங்கு அவிக்கிறவள் எனக்குப் படம் படிப்பிக்கிறாள்! வாய்க்கு வந்தபடி ஏசினேன். காலைப் பிடித்தாள். உதறிவிட்டேன். காலைப் பிடிக்கிற அளவுக்கு ஒரு குகையில் என்ன இருக்கிறது?

3 ஏப்ரல்

கப்டன் அந்தத் தாளை மட்டும் வெகுநேரம் பார்த்தார். "உண்மையான இடமா?"

"நானே அளந்தது, சார். ஓர் அடி பிசகாது."

எழுந்து நின்று எனக்குத் தலை வணங்கினார். பதினெட்டு வருஷத்தில் ஒரு வெள்ளைக்காரனும் எனக்கு இப்படிச் செய்ததில்லை.

5 ஏப்ரல்

அம்பிகைபாகனைப் பிடித்துவிட்டார்கள். கல்வீட்டில்.

கனி காதோடு சொன்னான்: "அண்ணே, ஒங்க படத்தக் கையில வச்சிக்கிட்டுத்தான் லாரி ஏறுனாங்க."

வீட்டுக்கு ஓடினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கோயில் என்று சொல்லி வெள்ளிதோறும் அவனுக்குக் கிழங்கு கொண்டுபோயிருக்கிறாள். ஏனடி எனக்குச் சொல்லேல்லை? ஏனடி?

"நீங்கள் அவங்கட கந்தோருக்குப் போறனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?"

பாவி. நான்தான்.

6 ஏப்ரல்

கப்டனின் காலில் விழுந்தேன். மன்னிப்பு என்றீர்களே! "படம் இன்னும் முடியவில்லையே" என்றார்.

21 ஏப்ரல்

சிறையில் அவனுடைய மூக்குக்கண்ணாடியையும் வேட்டியையும் தந்தார்கள். உடலைத் தரவில்லை. கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன்.

30 ஏப்ரல்

கல்வீட்டுக்கு இன்னும் நாற்பது தாள் வேண்டுமாம். நீலாயி வெளியே வந்து சூரியனைக் கும்பிடுகிறாள். மாட்டேன் என்று சொல்லப் போனேன். தாளையும் பரிசாகக் கொடுத்த ஒரு பை அரிசியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பத்மாவதி அந்த அரிசியை ஆக்கி எனக்கு மட்டும் போட்டாள். தட்டை வைக்கும்போது மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். அண்ணனைப் பிடித்த நாளுக்குப் பிறகு இன்றுதான் என்னோடு பேசினாள்.

"இனி எப்பிடிக் கீறினால் என்ன."

சாப்பிட்டேன். பசித்தது. பிறகு கீறினேன். ஓடை, பாறை, இடுக்கு. முடித்துவிட்டுப் பார்த்தால், மூலையில் கை தன்பாட்டில் வடக்கு அம்புக்குறியையும் போட்டிருக்கிறது.