மெயில் போகாத நாள்

வியாழன், இரவு.

கிரைண்டர் கம்பெனியில் மெயில் அனுப்புவது என் வேலை. போனில் பேச எனக்கு வாய் வராது. இன்று பொள்ளாச்சிக் கடைக்காரருக்கு அனுப்பிய விலை விவரம் திரும்பி வந்துவிட்டது. எங்கள் மெயில் போகும் சர்வரைப் பல கம்பெனிகள் பகிர்ந்துகொள்கின்றன; அதில் வேறு யாரோ குப்பை மெயில் அனுப்பினார்களாம். குப்பை மெயிலைத் தடுக்கிறவர்கள் எங்களையும் சேர்த்துத் தடைப்பட்டியலில் போட்டுவிட்டார்கள். போன மாதம் பேங்க் பெயரில் வந்த போலி மெயில்களைத் தடுத்ததும் அதே பட்டியல்தான். திட்டவும் மனம் வரவில்லை.

"இன்னைக்குள்ள விலை சொல்லலீன்னா ஆர்டர் போயிரும் கண்ணு. நீயே கூப்பிட்டுப் பேசிப்போடு" என்றார் ஓனரம்மா.

பேசினேன். ஆர்டர் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, தினமும் மெயில் போடற மேனேஜர் சார் லீவுங்களா?"

நான்தான் அது என்று சொல்லியிருக்கலாம். "ஆமாங்க" என்றேன்.

தடை நீங்க இன்னும் சில நாள் ஆகுமாம். நாளைக்கும் நான்தான் கூப்பிட வேண்டும். மேனேஜருக்கு எத்தனை நாள் லீவு கொடுப்பது?