கேமரா என்னிடம், லென்ஸ் உன்னிடம்

ஸ்ரீரங்கம்
3.2.2026

உயர்திரு பிரவீன்ராஜ் அவர்களுக்கு,

தங்கள் அக்கா வீட்டுக்காரன் வீரமலை எழுதுவது. இங்கே அனைவரும் நலம். தாங்கள் நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா தெரியவில்லை. ஆகவே அக்கா ஜோதி கேட்கச் சொன்னதாக வைத்துக்கொள்ளவும். தாங்கள் என் எண்ணை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்து இரண்டரை வருடம் ஆகிறபடியால் தபாலில் எழுதுகிறேன். தபாலை பிளாக் செய்ய இன்னும் வழி வரவில்லை.

இது முழுக்க முழுக்கத் தொழில் சம்பந்தமான கடிதம். நம் ஸ்டூடியோவைப் பாகம் பிரித்தபோது தங்கள் பங்குக்கு வந்த போர்ட்ரெய்ட் லென்ஸைப் பத்து நாள் வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்கவே எழுதுகிறேன்.

பாகம் பிரித்த லட்சணம் தங்களுக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்டதும் உங்கள் சர்வேயர் பெரியப்பாதான் நடுவில் வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருஷம் நிலம் அளந்த மனுஷர், அம்மா மண்டபம் ரோட்டில் பத்துக்குப் பன்னிரண்டு ஸ்டூடியோவையும் வயலாகவே பார்த்தார். கேமராவை என் பக்கம் தள்ளினார், லென்ஸ் எல்லாவற்றையும் தங்கள் பக்கம் தள்ளினார். லைட்டுக் குடை எனக்கு, குடை மாட்டும் கம்பி தங்களுக்கு. முக்காலியின் கால் எனக்கு, தலை தங்களுக்கு. பேட்டரி என்னிடம், சார்ஜர் தங்களிடம். ‘சரிபாதி, இனி ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது’ என்றார். இருந்த கோபத்தில் நாமும் திறக்கவில்லை. உரலை ஒருவனுக்கும் உலக்கையை ஒருவனுக்கும் கொடுத்த கதைதான்.

அன்றிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படங்களைப் பழைய சின்னக் கேமராவில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பெரிய கேமராவுக்குச் சார்ஜர் மட்டும் வேறு வாங்கினேன், அது வாயில் மூடியோடு பீரோவில் இருக்கிறது. நீ திருப்பூரில் அந்த லென்ஸை வைத்துக்கொண்டு பனியன் படம் எடுக்கிறாயாம், ஜோதி சொன்னாள். மன்னிக்கவும், எடுக்கிறீர்களாம். மனித முகத்துக்கென்று செய்த லென்ஸ் அது. அதைக் கொண்டுபோய்க் கைவைத்த பனியனுக்கு முன்னால் நிறுத்தினால் அதற்கே மனசு விட்டுப்போகாதா?

இப்போது லென்ஸ் எதற்கு என்றால், வருகிற மாசி பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோவிலில் அம்ருதாவுக்குக் காது குத்துகிறோம். இது தகவலுக்காக மட்டும். ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் படம் எடுத்தவன், என் பிள்ளையைச் செல்போனில் எடுத்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அதனால் லென்ஸ் தேடிப் புறப்பட்டேன்.

முதலில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. புது லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அந்தத் தொகைக்குக் காதுகுத்தோடு சேர்த்து அவளுடைய பெரிய மனுஷிச் சடங்கையும் முடித்துவிடலாம்.

பிறகு மன்னார்புரத்தில் பழைய சாமான் வாங்கி விற்கும் டோனி என்பவரிடம் போனேன், ஜோதியையும் கூட்டிக்கொண்டு. நம் கேமரா கம்பெனியின் லென்ஸ்தான், வாயும் பொருந்தியது. ஆனால் முகத்தைத் தேடித் தானாகத் திரும்ப வேண்டியது திரும்பவில்லை. விஷயம் என்னவென்றால், அந்தப் பழைய லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, நம் கேமராவுக்குள்ளும் மோட்டார் கிடையாது. அது திருப்பும் என்று இது இருக்கிறது, இது திருப்பும் என்று அது இருக்கிறது. டோனி, ‘ரெண்டும் வீம்பு புடிச்சதுங்க, யாராவது ஒரு ஆள்தான் கையால திருப்பணும்’ என்றார். ஜோதி லென்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஓடுகிற பிள்ளையைக் கையால் திருப்பிப் பிடிக்க முடியாது என்று சொன்னதும் டோனி வேறொரு கம்பெனியின் லென்ஸைக் கொடுத்தார். ‘லென்ஸ்னா லென்ஸ்தாங்க, இதுல என்ன சாதி வித்தியாசம்’ என்பது அவர் கொள்கை. விலை மலிவு, கண்ணாடி சுத்தம், வாய் மட்டும் சேரவில்லை. நடுவில் ஒரு வளையம் போட்டால் சரியாகிவிடும் என்றார். நான் அரியமங்கலத்துக்குப் போய், லேத் பட்டறை வைத்திருக்கும் அமிர்தராஜ் அண்ணனிடம் காட்டினேன். அவர் அதுவரை போர் மோட்டாருக்கு மட்டுமே வளையம் கடைந்தவர். விரல் தடிமனுக்கு ஓர் இரும்பு வளையம் கடைந்து, ‘கெணத்துல முக்குனாலும் சொட்டுத் தண்ணி போவாது’ என்று கொடுத்தார். நான் கேமராவைக் கிணற்றில் முக்குவதாக இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவு ஆசையாகச் செய்திருந்தார்.

வளையம் தடித்துவிட்டதால் லென்ஸ் கேமராவை விட்டுத் தள்ளி நின்றது. அப்படி நின்றால் ஒரு சாண் தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும், அதற்கு அப்பால் எல்லாம் மாயை. இது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. அதற்குள் மேல உத்திர வீதி வேதவதி மாமி, அறுபதாம் கல்யாணத்துக்காகத் தன்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொல்லி வந்துவிட்டார். நானும் கிட்டே போய், இன்னும் கிட்டே போய், மாமி நாற்காலியோடு பின்னால் நகர நகரத் துரத்திக்கொண்டே போய் எடுத்தேன். மூக்குத்தி விழுந்தது. மூக்கு விழவில்லை. மாமி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘பெருமாள் கிருபையில வைரம் நன்னா வந்திருக்கு, ஆனா நான் எங்கே இருக்கேன்?’ என்று கேட்டார்.

மாப்பிள்ளை, அந்தக் கேள்வியை நான் முன்பே ஒருமுறை இன்னொருவர் வாயால் கேட்டிருக்கிறேன். நீயும் கேட்டிருக்கிறாய். லால்குடிக் கல்யாணத்துப் பெண்ணின் தாய்மாமன், இருபத்தோரு தட்டு சீர் கொண்டுவந்து நின்ற மனுஷர். நீ லென்ஸை முழுசாகத் திறந்துவைத்துப் பெண்ணின் முகத்தை மட்டும் தெளிவாக எடுத்தாய், அவர் ஆல்பம் முழுக்க வெள்ளை வேட்டி மேகமாக இருந்தார். ‘நான் எங்கங்க இருக்கேன்?’ என்று நம் கடையில் வந்து நின்றார். நான் அவர் முன்னால், அவர் கூட்டிவந்த நாலு பேர் முன்னால், ‘தாய்மாமன் அருமை தெரியாதவன் கையில கேமராவக் குடுத்தது என் தப்பு’ என்று உன்னைப் பார்த்துச் சொன்னேன். அப்போது அம்ருதா உன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நீ அவளை எழுப்பாமல் ஜோதியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனாய்.

மாமி போனபிறகு அம்ருதாவின் முதல் பிறந்தநாள் படத்தைத் தேடி எடுத்தேன். அதே கேமரா, அதே லென்ஸ். எடுத்தது நான். பிள்ளை முகம் கண் இமை வரைக்கும் தெளிவாக இருக்கிறது. பின்னால் கைதட்டிக்கொண்டு நீ நிற்கிறாய், ஒரு நீலச் சட்டை மேகம். அவளும் நீயும் சேர்ந்திருக்கிற படம் வீட்டில் அது ஒன்றுதான். அதைக் காட்டித்தான் ஜோதி அவளுக்கு ‘மாமா’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இப்போது நீலச் சட்டை போட்டவரெல்லாம் அவளுக்கு மாமா. பால் பூத்துக்காரர் மாமா. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மாமா. போன வாரம் டவுன் பஸ்ஸில் யாரோ ஒருவர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டாள், அவர் நல்ல மனுஷர், கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

நான் சொன்னது தப்பு மாப்பிள்ளை. அன்று ராத்திரியே தப்பு என்று தெரியும். நீ முதலில் பேசுவாய் என்று நான் இருந்தேன், மீதியை டோனி சொல்லிவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தின் ஆரம்பத்தில் எழுதியது பொய். லென்ஸ் கிடைத்துவிட்டது, போன சனிக்கிழமையே. மூக்குத்திப் படத்துக்கு மன்னிப்புக் கேட்க மாமி வீட்டுக்குப் போனேன். ‘எங்க அச்யுத் அமெரிக்கா போறச்சே விட்டுட்டுப் போன குழாய் ஒண்ணு இருக்கு, உபயோகப்படுமா பாருங்கோ’ என்று எடுத்து வந்தார். அந்த வீட்டு மாமாவின் பஞ்சாங்கம் காற்றில் பறக்காமல் இருக்க நாலு வருஷமாக அதை மேலே வைத்திருந்தார்களாம். நம் கம்பெனி, ஐம்பது எம்.எம்., உள்ளே மோட்டார். கேமராவில் வைத்துத் திருகினேன், டக்கென்று உட்கார்ந்தது. மாமி முகத்தைத் தானே தேடிப் பிடித்தது. விலையும் எனக்குக் கட்டுபடியாகிற விலைதான். பஞ்சாங்கத்துக்கு அமிர்தராஜ் அண்ணனின் இரும்பு வளையத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன், புயலே அடித்தாலும் இனி அசையாது.

ஆக, உன் லென்ஸ் எனக்கு வேண்டாம். அது பனியனே எடுக்கட்டும்.

எனக்கு வேண்டியது வேறு. அம்ருதாவுக்கு இப்போது மூன்று வயது, பங்குனி வந்தால் நாலு. இரட்டைப்படை வயதில் காது குத்தும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது, அப்போது அவளுக்குக் காய்ச்சல். இந்த மாசியை விட்டால் ஐந்து வரை போய்விடும். யார் மடியில் உட்கார வைப்பது என்று பேச்சு வந்தபோது உன் ஒன்றுவிட்ட தம்பிகள் இரண்டு பேர் முன்வந்தார்கள். சர்வேயர் பெரியப்பா உடனே, வலது காது ஒருத்தன் மடியில், இடது காது ஒருத்தன் மடியில் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். ஜோதி எழுந்து அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். ‘எந்தம்பி இருக்கான்ல’ என்று மட்டும் சொன்னாள்.

காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நல்ல நேரம். சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டால் உன் அக்கா நிம்மதியாகத் தூங்குவாள். சீர் செனத்தி என்று எதுவும் தூக்கிக்கொண்டு அலையாதே. உன் மடி போதும். இந்த முறை லென்ஸை முழுசாகத் திறக்காமல், சின்னதாகத் திறந்துவைத்துத்தான் எடுக்கப் போகிறேன். பிள்ளையும் தெரிவாள், ஆசாரியும் தெரிவார், நீயும் தெரிவாய், பின்னால் கட்டியிருக்கிற ஆட்டுக்கிடாவும் தெரியும். எது மங்கினாலும் என்னைக் கேள்.

குலசாமி உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வரும்போது நீலச் சட்டை போட்டுக்கொண்டு வா, பிள்ளைக்கு உன்னை அதை வைத்துத்தான் தெரியும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
உன் மாமா
வீரமலை